ஆள் இல்லாத விசாரணை ஜன்னல்

பீனியாவில் லேத் பட்டறை. ராஜாஜி நகரில் அச்சகம். பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் மோல்டிங். அல்சூரில் தையல் கடை. ஸ்ரீராமபுரத்தில் கல்யாணச் சமையல் காண்டிராக்ட். பெங்களூருவில் தமிழர்கள் நடத்தும் சிறு தொழில்கள் ஏராளம்.

ஹெல்பராக வந்து, டர்னர் ஆகி, பிராவிடண்ட் பண்ட் பணத்தைப் போட்டு ஒரு மெஷின் வாங்கி முதலாளி ஆனவர்கள் இவர்களில் பலர். பகலில் ஆபீஸ் வேலை, மாலையில் மனைவி பெயரில் ஒரு சின்ன வியாபாரம் என்று குடும்பத்தை ஓட்டுகிறவர்களும் உண்டு.

இவர்களுடைய விசிட்டிங் கார்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. டெலிபோன் எண்ணுக்குக் கீழே இணையதள முகவரி. "வெப்சைட் வைத்தால் ஆர்டர் வீடு தேடி வரும்" என்று யாரோ சொல்ல, சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்துச் செய்துகொண்டது அது.

ஆண்டு ஒன்று ஓடிவிடும். புதுப்பிக்கப் பணம் கேட்டுக் கடிதம் வரும். ஆர்டர் மட்டும் வந்திருக்காது. ஒரு விசாரிப்புக் கூட வந்திருக்காது. "எல்லாம் ஏமாற்று வேலை" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

ஏமாற்று வேலை அல்ல. இதே பெங்களூருவில் இணையதளத்தை மட்டும் நம்பித் தொடங்கிய கடைகள் நாடு முழுவதும் பெயர் பெற்றிருக்கின்றன. அவர்கள் செய்தது என்ன, நம்மவர்கள் செய்யத் தவறுவது என்ன என்று பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

பெயர்ப் பலகை அல்ல

உலகின் முதல் இணையதளம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1991 ஆகஸ்டில். சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் அதை உருவாக்கினார். அதில் அலங்காரம் எதுவும் கிடையாது. வெறும் எழுத்துதான். இது என்ன, எப்படிப் பயன்படுத்துவது, யாரைக் கேட்பது என்ற விவரங்களே அதில் இருந்தன.

வந்தவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகப் பிறந்தது இணையதளம். ரயில் நிலையத்தில் இருக்கும் விசாரணை ஜன்னலுக்கு அது சமம்.

ஜன்னலுக்கு வருகிறவர் அங்கே உள்ள பூந்தொட்டியைப் பார்க்க வருவதில்லை. வண்டி எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரம், இடம் இருக்கிறதா என்று கேட்க வருகிறார். பதில் கிடைக்காவிட்டால் அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார்.

நம்மவர்களின் இணையதளங்களில் பெரும்பாலானவை பூந்தொட்டி வைத்த ஜன்னல்கள். முதல் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படம். அதன் கீழே, "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று ஒரு வாசகம். என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பது மட்டும் இராது.

தீபாவளிக்குக் கிடைக்காத டிக்கெட்

2005 ஆம் ஆண்டு தீபாவளி சமயம். பெங்களூருவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பணீந்திர சாமா என்ற தெலுங்கு இளைஞருக்கு ஐதராபாத் பக்கம் ஊருக்குப் போக பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கலாசிப்பாளையத்திலும் மடிவாளாவிலும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த தமிழர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அவர் யோசித்தார். ஒரு ஏஜெண்டுக்குத் தெரிந்தது நாலைந்து பஸ்கள்தான். அவரும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் இடம் சொல்ல வேண்டும். ஒரு பஸ்ஸில் இடம் காலியாகப் போக, இன்னொரு தெருவில் பயணி இடம் இல்லாமல் நிற்பார். இருவரையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை.

கல்லூரித் தோழர்களான சரண் பத்மராஜு, சுதாகர் பசுபுனூரி ஆகியோருடன் சேர்ந்து 2006 ஆம் ஆண்டில் அவர் தொடங்கியதுதான் ரெட்பஸ். 2013 இல் அதை ஐபிபோ குழுமம் வாங்கியது.

அந்தத் தளம் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்த ஊருக்கு, என்றைக்கு என்ற மூன்று கேள்விகள். பதிலாக பஸ்களின் பட்டியல், புறப்படும் நேரம், கட்டணம், காலி இருக்கைகளின் படம், ஏற வேண்டிய இடம். பயணி மனதில் இருக்கும் கேள்விகள் எவையோ அவற்றுக்கு மட்டும் பதில். "நாங்கள் யார்" என்ற புராணம் முன்னால் வந்து நிற்கவில்லை.

புத்தகக் கடை வாசலில்

இரண்டாவது கதை கோரமங்களாவில் நடந்தது. 2007 அக்டோபரில் சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இருவர், 4 லட்சம் ரூபாய் முதலில் பிளிப்கார்ட் என்ற புத்தகக் கடையை இணையத்தில் திறந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். டில்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். அமேசான் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

கடை திறந்தால் போதுமா? ஆள் வர வேண்டுமே. பெங்களூருவின் பழைய கங்காராம்ஸ் புத்தகக் கடைக்கு வெளியே நின்று, புத்தகம் வாங்கி வருகிறவர்களின் கையில் தங்கள் தள முகவரி அச்சிட்ட புத்தகக் குறி அட்டைகளைக் கொடுத்தார்கள். புத்தகம் படிக்கிறவர் எங்கே இருப்பார் என்று தெரிந்து அங்கே போய் நின்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதல் ஆர்டர் தெலுங்கு நாட்டு மெகபூப் நகரிலிருந்து வந்தது. கேட்ட புத்தகம் சுலபத்தில் கிடைக்கவில்லை. கடை கடையாகத் தேடிப் பிடித்து அனுப்பி வைத்தார்கள். "ஸ்டாக் இல்லை" என்று கைவிரித்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

பார்க்காத கடைக்கு முன்பணம் கொடுக்க இந்தியர்கள் தயங்கினார்கள். பொருளைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுக்கும் முறையை 2010 இல் பிளிப்கார்ட் கொண்டுவந்தது. தயக்கம் குறைந்தது, வியாபாரம் பெருகியது. 2018 இல் அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி 1,600 கோடி டாலர் கொடுத்து அதன் 77 சதவீதப் பங்குகளை வாங்கியது.

தமிழர் ஒருவரின் அனுபவம்

மூன்றாவது கதை ஒரு தமிழருடையது. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது 1997 இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினார். பல பகுதிகளில் ஒன்றாகக் கல்யாண வரன் பகுதியும் அதில் இருந்தது.

வந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவர் கவனித்தார். கூட்டம் வரன் பகுதியில்தான் மொய்த்தது. மற்றவற்றை ஓரங்கட்டி அதையே முழுத் தொழிலாக்கினார். 2000 ஆம் ஆண்டில் பாரத் மேட்ரிமோனி பிறந்தது. அவருக்கும் அந்தத் தளம் மூலமே பெண் அமைந்தது. 2017 இல் கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன.

மூன்று கதைகளிலும் பொது அம்சம் ஒன்று உண்டு. வருகிறவரின் தேவை என்ன என்று முதலில் தெரிந்துகொண்டார்கள். தளத்தை அதற்கு ஏற்றபடி அமைத்தார்கள். நம்மவர்கள் தளத்தை முதலில் செய்துவிட்டு, யார் வருவார்கள் என்று பிறகு பார்க்கிறார்கள்.

பட்டறைக்கு எப்படிப் பொருந்தும்?

கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களின் கதை நாலு ஆள் பட்டறைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தும். பீனியாவில் ஒரு லேத் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் தேடி வருகிறவர் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி. அவர் கேட்பது நான்கு கேள்விகள்.

உங்களிடம் என்ன மெஷின் இருக்கிறது? எவ்வளவு விட்டம், எவ்வளவு நீளம் வரை கடைய முடியும்? குறைந்தது எத்தனை உருப்படி கொடுத்தால் ஜாப் ஒர்க் எடுப்பீர்கள்? எத்தனை நாளில் தருவீர்கள்?

இந்த நான்குக்கும் பதில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூடவே சொந்தப் பட்டறையில் எடுத்த மெஷின் படம், செய்து கொடுத்த உருப்படிகளின் படம், ஜி.எஸ்.டி. எண், விலாசம். இரவல் படம் வேண்டாம். அதே படத்தை வேறு பத்துத் தளங்களில் பார்த்தவர் நம்மைச் சந்தேகிப்பார். உரிமையாளர் வழக்குப் போடவும் கூடும்.

கல்யாணச் சமையல்காரர் என்றால் கேள்விகள் வேறு. நூறு இலைக்கு எவ்வளவு? பாத்திரம் உங்களுடையதா? பரிமாற ஆள் வருமா? தையல் கடை என்றால், பிளவுஸ் தைக்கக் கூலி என்ன, எத்தனை நாள், வீட்டுக்கு வந்து அளவு எடுப்பீர்களா? தினமும் போனில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் நோட்டில் எழுதி வந்தாலே தளத்தில் எழுத வேண்டியது கிடைத்துவிடும்.

விலையை மறைப்பது நம்மவர்களின் பழக்கம். துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று போடலாம். வாங்க முடியாதவர் விலகிக்கொள்வார். வாங்கக் கூடியவர் துணிந்து கூப்பிடுவார். இருவருக்கும் நேரம் மிச்சம்.

நீண்ட படிவம் வேண்டாம்

விசாரிக்க வருகிறவரிடம் பெயர், தகப்பனார் பெயர், கம்பெனி, பதவி, ஊர், பின்கோடு என்று பத்துக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் தளங்கள் உண்டு. ரயில்வே முன்பதிவுப் படிவத்தைப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் 6 பேர் பயணம் செய்ய ஒரே தாள் போதும். டிக்கெட் கொடுக்க எது தேவையோ அதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

முதல் விசாரிப்புக்குப் பெயர், போன் எண், என்ன வேண்டும் என்ற மூன்றும் போதும். மற்றதைப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். போன் எண் பக்கத்தின் உச்சியில் இருக்க வேண்டும். விரல் வைத்தால் அழைப்பு போக வேண்டும். வாட்ஸ் அப் பொத்தானும் இருப்பது நல்லது.

வாங்கிய எண்ணை வேறு வியாபாரிக்கு விற்பது தவறு. மக்களின் சொந்த விவரங்களைக் காப்பதற்காக 2023 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. எதற்காக எண்ணைக் கேட்கிறோம் என்று ஒரு வரி போட்டுவிடுவது முறை.

பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதும் முக்கியம். கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேல் ஆனால், பாதிக்கு மேற்பட்டவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று 2016 இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு சொன்னது. தானாக ஓடும் சினிமா, சுழலும் படங்கள், பாட்டு எல்லாம் பக்கத்தைக் கனமாக்கும். படங்களைச் சிறிதாக்கிப் போடச் சொல்ல வேண்டும். செய்து கொடுப்பவரின் கம்ப்யூட்டரில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், சாதாரணக் கைப்பேசியில் திறந்து பார்த்த பிறகே மீதிப் பணம் கொடுக்க வேண்டும்.

மொழியும் ஒரு விஷயம். நாம் தொழில் செய்வது கர்நாடகத்தில். ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் ஒரு பக்கம் இருந்தால் உள்ளூர் வாடிக்கையாளருக்கு மரியாதை. வியாபாரத்துக்கும் லாபம். தமிழ்ப் பக்கம் ஓசூர், சேலம், கோவை வாடிக்கையாளரை இழுக்கும்.

தேடுகிறவர் கண்ணில் படுவது

ஜன்னல் இருக்கும் இடம் தெரிந்தால்தானே ஆள் வருவார்? தேடுகிறவர், "சிறந்த பொறியியல் தீர்வுகள்" என்று தேட மாட்டார். "பீனியா லேத் ஜாப் ஒர்க்" என்றுதான் தட்டுவார். அவர் தட்டும் அதே சொற்கள் பக்கத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இருக்க வேண்டும். பேட்டையின் பெயர் அவசியம் வேண்டும்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. கடையின் பெயர், நேரம், போன் எண், படம் எல்லாம் போடலாம். அங்கே உள்ள எண்ணும் தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து திருப்தியாகப் போகும் வாடிக்கையாளரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லலாம். காசு கொடுத்துப் பொய்ப் பாராட்டு எழுத வைப்பது ஒருநாள் காலை வாரிவிடும்.

வாடகை நிலத்தில் வீடு

"தளம் எதற்கு, இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு பக்கம் வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அது பிறர் நிலம்.

ஒரு காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் இலவசப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009 அக்டோபரில் அமெரிக்காவில் யாகூ கம்பெனி மூடியது. கூகுள், சிறு கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்த இணையதள வசதியை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சொந்த முகவரி வாங்க ஆண்டுக்குப் பெரிய தொகை ஆகாது. ஆனால் அது யார் பெயரில் பதிவாகிறது என்று பார்க்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டால், நாளை சண்டை வந்தால் கடையின் பெயரே அவர் கையில். பதிவு உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு உரிமையாளர் நோட்டில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு வருகிறவர் உண்டா?

முக்கியமான தவறு

எல்லாம் சரியாக இருந்தும் வியாபாரம் கெடுவதற்கு ஒரு காரணம் உண்டு. விசாரிப்பு வரும்; பதில் போகாது.

அமெரிக்காவில் 2,241 கம்பெனிகளுக்கு இணையம் வழியே விசாரிப்பு அனுப்பிச் சோதித்த ஓர் ஆய்வின் முடிவை 2011 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூ வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். பதிலே சொல்லாதவை 23 சதவீதம். ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டவர்களுக்கு, அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் தொடர்பு கொண்டவர்களைவிட, உரிய ஆளுடன் பேசி வியாபாரத்தைத் தொடரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு இருந்தது. ஒரு நாள் கழித்துப் பேசியவர்களோடு ஒப்பிட்டால் 60 மடங்குக்கு மேல்.

பணக்கார நாட்டுக் கம்பெனிகளின் கதியே இதுவென்றால், மெஷின் ஓடும் சத்தத்தில் போன் மணியே கேட்காத பட்டறையில் கேட்க வேண்டுமா? விசாரிப்பு அனுப்பிய பர்ச்சேஸ் அதிகாரி அதே விசாரிப்பை இன்னும் மூன்று பேருக்கு அனுப்பியிருப்பார். முதலில் பேசுகிறவரிடம் படத்தைக் கொடுத்துக் கொட்டேஷன் கேட்பார். மாலையில் எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு நாம் கூப்பிடும்போது வேலை போயிருக்கும். அந்த வேலை கிடைத்திருந்தால் இரண்டு பேருக்கு ஓவர்டைம் கிடைத்திருக்கும். மெஷின் கடனின் ஒரு தவணை அடைபட்டிருக்கும்.

யார் உட்காருவது?

ஆகவே தளம் செய்வதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். விசாரிப்பு வந்தால் பதில் சொல்லுவது யார்? காலேஜ் படிக்கும் மகளோ, கணக்கு எழுதும் தம்பியோ, ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். முழு விவரம் உடனே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "உங்கள் விசாரிப்பு கிடைத்தது, மாலை 5 மணிக்குள் விலை சொல்கிறோம்" என்று ஒரு வரி போனால் போதும். சொன்னபடி 5 மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கும் வைக்க வேண்டும். தேதி, பெயர், என்ன கேட்டார், எப்படி நம்மைத் தெரிந்துகொண்டார், ஆர்டர் ஆனதா, ஆகாவிட்டால் ஏன். ஆறு மாதம் எழுதினால் உண்மை புரிந்துவிடும். விசாரிப்பே வரவில்லை என்றால் நம்மைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். விசாரிப்பு வந்து ஆர்டர் வரவில்லை என்றால் விலையிலோ, பதில் சொல்லும் வேகத்திலோ குறை இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் நாம் செய்யாத வேலையையே கேட்டால், தளத்தில் எழுதியது தெளிவில்லை. அல்லது அந்த வேலையை நாம் தொடங்கலாமா என்று யோசிக்கலாம்.

இந்த நோட்டுக்கு ஆகும் செலவு இருபது முப்பது ரூபாய். தளத்தை மாற்றி அமைக்க மறுபடி பணம் கேட்டு ஆள் வரும்போது, அந்த நோட்டை அவர் முன் வைத்து, எந்தக் குறையை எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுக்கலாம். "முதல் பக்கத்தை இன்னும் பளபளப்பாக்கலாம்" என்று மட்டும் சொல்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.